கடைவீதி – 7: கல்லாவை விட்டுப் போன கணக்கு

2025 ஜூலையில் பெங்களூரின் டீக்கடைகளிலும் பேக்கரிகளிலும் கல்லாமேல் ஒட்டியிருந்த க்யூஆர் ஸ்டிக்கர்கள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. கிழித்தவர்கள் கடைக்காரர்களே. அந்த இடத்தில் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று கையால் எழுதிய அட்டைகள் தொங்கின.

காரணம், கர்நாடக வணிக வரித்துறை அனுப்பிய நோட்டீஸ்கள். 2021-22 தொடங்கி நான்கு நிதியாண்டுகளின் யுபிஐ வரவுகளைப் பணப்பரிமாற்ற நிறுவனங்களிடம் வாங்கிப் பார்த்த துறை, ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே வரம்பைத் தாண்டி வியாபாரம் செய்ததாக ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு விளக்கம் கேட்டு எழுதியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கும் நோட்டீஸ் வந்தது. நான்கு ஆண்டுகளில் 1.63 கோடி ரூபாய் யுபிஐ வரவு, ஆகவே 29 லட்சம் ரூபாய் வரி கட்ட வேண்டும் என்றது அது. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பது நாடறிந்த விஷயம். அவர் விற்றது காய்கறி என்பது தெருவுக்கே தெரியும். துறையின் கையில் இருந்த கணக்குக்கு மட்டும் தெரியவில்லை. எண்களை அது சரியாகத்தான் வைத்திருந்தது. அந்தப் பணம் எதற்காக வந்தது என்பது அதில் இல்லை.

சில்லறை வியாபாரத்தைத் தொழில்நுட்பம் எப்படி மாற்றுகிறது என்று கேட்டால் பலரும் ரோபோவையும் டிரோனையும் சொல்வார்கள். அவற்றைவிட ஆழமான மாற்றம் கணக்கில் நடந்திருக்கிறது. ஒரு மளிகைக் கடைக்காரரின் தலைக்குள் மூன்று கணக்குகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். எந்தச் சரக்கு போகிறது, யார் வாங்குகிறார், எவ்வளவு வந்தது. சென்னையில் அண்ணாச்சி கடை என்று நாம் சொல்லும் கடைகள் இந்த மூன்றையும் ஒரே ஆள் வைத்திருந்ததால் நடந்தவை. மூன்றாவது தெரு வீட்டில் மாதம் பிறந்தால் ஐந்து கிலோ இட்லி அரிசி போகும், அந்த வீட்டுக்காரருக்கு ஏழாம் தேதிதான் சம்பளம், அதுவரை நோட்டில் எழுதிக்கொள்ளலாம். இவை எதுவும் எங்கும் பதிவாகாது. பற்று நோட்டில் இருப்பது தொகையும் தேதியும்தான், மற்றதெல்லாம் அண்ணாச்சியின் நினைவில்.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த மூன்று கணக்குகளும் ஒவ்வொன்றாகக் கடைக்காரரின் கையை விட்டு வெளியேறியிருக்கின்றன. முதலில் போனது சரக்குக் கணக்கு.

பெரிய கடைகளில் எது எவ்வளவு விற்கிறது என்பது நீண்ட காலம் உரிமையாளருக்கே சரியாகத் தெரியாது. அமெரிக்காவில் 1930களில் ஆர்தர் நீல்சனின் நிறுவனம் தேர்ந்தெடுத்த கடைகளுக்கு ஆட்களை அனுப்பி, இருப்பை எண்ணி, கொள்முதல் பில்களைக் கூட்டிக் கழித்து, எது எவ்வளவு போனது என்று கண்டுபிடித்துத் தயாரிப்பாளர்களுக்கு விற்றது. வாரக்கணக்கில் பழசாகிப்போன தகவல்தான். அதற்கே அவ்வளவு விலை.

1948இல் ஃபிலடெல்ஃபியாவின் டிரெக்சல் கல்லூரிக்கு ஒரு மளிகைச் சங்கிலிக் கடையின் தலைவர் வந்தார். பில் போடும் இடத்திலேயே பொருளின் விவரத்தைத் தானாகப் படிக்க ஒரு வழி கண்டுபிடித்துத் தர முடியுமா என்று டீனிடம் கேட்டார். டீன் மறுத்துவிட்டார். அந்தப் பேச்சு பெர்னார்ட் சில்வர் என்ற பட்டதாரி மாணவரின் காதில் விழ, அவர் நண்பர் நார்மன் ஜோசஃப் உட்லண்டிடம் சொன்னார். உட்லண்டுக்கு அது மண்டைக்குள் ஏறிவிட்டது. மியாமி கடற்கரையில் மணலில் உட்கார்ந்து, சாரணர் பருவத்தில் கற்ற மோர்ஸ் குறியீட்டின் புள்ளிகளையும் கோடுகளையும் விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தார். புள்ளி மெல்லிய கோடானது, கோடு தடித்த கோடானது. 1949இல் விண்ணப்பித்து 1952இல் காப்புரிமை பெற்றார்கள்.

அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் அது கடைக்குள் நுழையவே இல்லை. அவர்கள் கட்டிய முதல் கருவி ஒரு மேசை அளவு இருந்தது. 500 வாட் பல்பின் வெளிச்சத்தில் படிக்க வேண்டியிருந்ததால் காகிதம் கருகியது. லேசரும் மலிவான கணினியும் வரும்வரை யோசனை காத்திருக்க வேண்டியதாயிற்று. காப்புரிமையை 15,000 டாலருக்கு விற்றுவிட்டார்கள். சில்வர் 1963இல், நாற்பது வயதைத் தொடும் முன்பே இறந்தார். தன் கோடுகள் கடையில் வேலை செய்வதை அவர் பார்க்கவில்லை.

இன்று நாம் காணும் கோடுகளின் வடிவம் ஐபிஎம்மில் ஜார்ஜ் லாரர் உருவாக்கியது. 1973 ஏப்ரலில் அமெரிக்க மளிகைத் துறை அதைப் பொதுவாக ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு ஜூன் 26 அன்று ஒஹையோவின் ட்ராய் நகரில், மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில், 67 சென்ட் விலையுள்ள ரிக்லி சூயிங்கம் பாக்கெட் முதன்முதலாக ஸ்கேன் ஆனது. கல்லா இயந்திரம் பிறந்த டேட்டன் நகரம் அங்கிருந்து அதிக தூரமில்லை. ஸ்கேனரைச் செய்து வைத்ததும் டேட்டனின் என்சிஆர் நிறுவனம்தான்.

மக்கள் உடனே நம்பிவிடவில்லை. பொருளின் மேல் விலை ஒட்டாமல் கோடுகளை மட்டும் அச்சிட்டால் ஏமாறுவோம் என்று நுகர்வோர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் போராடின. மிச்சிகன் மாநிலம் 1976இல் ஒவ்வொரு பொருளிலும் விலை இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டு, 2011 வரை அதை வைத்திருந்தது. அந்த அச்சம் நியாயமானது. உறையிலேயே அதிகபட்ச சில்லறை விலையை அச்சிடச் சொல்லும் நம் நாட்டு விதியின் அருமை இந்த இடத்தில்தான் புரியும்.

(பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றும். அந்த எண் சொல்வது, நிறுவனம் தன் குறியீட்டை ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளையில் வாங்கியது என்பதை மட்டுமே. பொருள் எங்கே தயாரானது என்பதற்கு அது சாட்சி இல்லை.)

வரிசை வேகமாக நகர்வதற்காகத்தான் பார்கோடு வந்தது. உண்மையான லாபம் வேறிடத்தில் கிடைத்தது. எது, எந்தக் கடையில், எத்தனை மணிக்குப் போனது என்று பெரிய கடைகளுக்கு முதன்முறையாகத் தெரிந்தது. 2004இல் ஃப்ரான்செஸ் புயல் ஃப்ளோரிடாவை நெருங்கியபோது வால்மார்ட் தன் பழைய விற்பனைப் பதிவுகளைப் புரட்டியது. முந்தைய புயலுக்கு முன் ஸ்ட்ராபெரி பாப்-டார்ட்ஸ் என்ற தின்பண்டம் வழக்கத்தைப் போல ஏழு மடங்கு விற்றிருந்தது. அடுப்பு வேண்டாம், கெட்டுப்போகாது, பிள்ளைகள் சாப்பிடும். லாரிகளில் அதை ஏற்றி அனுப்பினார்கள். மழைக்கு முன் எந்தச் சரக்கு தீரும் என்பது எந்த மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்த ஞானம்தான். அதை ஆயிரக்கணக்கான கடைகளுக்கு ஒரே நேரத்தில் அறிவதுதான் வால்மார்ட்டின் பலம். அந்தப் பலத்தோடு உற்பத்தியாளரிடம் விலை பேசினால் யார் இறங்கி வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கோடுகளுக்கு வாங்குபவரின் முகம் தெரியாது. அந்த இரண்டாவது கணக்கை பிரிட்டனின் டெஸ்கோ கடைகள் 1995இல் கிளப்கார்டு என்ற வாடிக்கையாளர் அட்டை மூலம் பிடித்தன. எட்வினா டன், கிளைவ் ஹம்பி என்ற தம்பதியின் நிறுவனம் வெள்ளோட்டத்தின் முடிவுகளை விளக்கியபோது, தலைவர் இயன் மெக்லாரின் அதிர்ந்துபோனார். முப்பது ஆண்டுகளில் தாம் அறிந்ததைவிட அதிகமாக மூன்றே மாதத்தில் இவர்கள் தம் வாடிக்கையாளரை அறிந்துவிட்டார்களே என்பது அவர் கவலை. இன்று துணிக்கடையிலும் மருந்துக்கடையிலும் பில் போடும் முன் கைபேசி எண்ணைக் கேட்கிறார்களே, அதன் பூர்வீகம் இதுதான்.

மூன்றாவது கணக்கு, வரவு. அதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டும். கார் உதிரிபாகங்கள் செய்யும் டென்சோவின் தொழிற்சாலைகளில் ஒரு பெட்டிக்குப் பல பார்கோடுகளை ஸ்கேன் செய்து தொழிலாளர்கள் களைத்துப்போனார்கள். ஒரு பார்கோடில் சுமார் இருபது எழுத்துகள்தான் அடங்கும். மசஹிரோ ஹராவும் அவரது குழுவும் 1994இல் உருவாக்கிய க்யூஆர் என்ற சதுரக் குறியில் 7,089 இலக்கங்கள் வரை அடங்கின. மூன்று மூலைகளில் இருக்கும் கட்டங்கள்தான் அதன் உயிர். கருவி குழம்பாமல் இருக்க, அச்சுப் பக்கங்களில் மிக அரிதாக வரும் கருப்பு-வெள்ளை விகிதம் எது என்று செய்தித்தாள், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று எல்லாவற்றையும் ஆராய்ந்தார்கள். கிடைத்த விடை 1:1:3:1:1. நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தும், யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது. அந்தப் பெருந்தன்மையின் பயனை இன்று இளநீர் வண்டிக்காரர் வரை அனுபவிக்கிறார்கள்.

இந்தியாவில் யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அந்த நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்து மக்களைக் கைபேசிப் பக்கம் தள்ளியது. கார்டு இயந்திரம் வாங்க முடியாத கடைக்கு ஓர் அச்சடித்த தாள் போதும் என்றானது. 2020 ஜனவரி முதல் யுபிஐ வரவுக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று அரசு சொன்னது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள். அவற்றில் பாதிக்கு மேல் கடைகளுக்குப் போனவை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. “ஜிபே பண்ணிட்டேன் அண்ணாச்சி” என்று சொல்லி நகர்பவர் உண்மையிலேயே பணம் போட்டாரா? கூட்ட நேரத்தில் கைபேசியை எடுத்துப் பார்க்க முடியாது. போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றியவர்களும் உண்டு. 2019இல் பேடிஎம் கொண்டுவந்த சவுண்ட்பாக்ஸ் இதைத் தீர்த்தது. சிம் கார்டு போட்ட ஒரு சிறு ஒலிபெருக்கிதான். வந்த தொகையைத் தமிழிலேயே உரக்கச் சொல்லும். கையில் மாவோடு நிற்கும் பரோட்டா மாஸ்டருக்கும் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் மதித்துச் செய்த கண்டுபிடிப்பு என்ற வகையில், கடந்த இருபது ஆண்டுகளில் கடைவீதிக்கு வந்தவற்றில் இதற்குத்தான் முதலிடம் தர வேண்டும்.

பரிவர்த்தனைக்குக் கட்டணம் இல்லை என்றால் நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து? பெட்டிக்கு மாத வாடகை. அடுத்தது கடன். தினமும் எவ்வளவு வருகிறது என்று தெரிந்திருப்பதால், சொத்து அடமானம் இல்லாமலே கடைக்குக் கடன் ஏற்பாடு செய்து, தினசரி வசூலிலிருந்தே தவணையைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. வங்கி வாசலில் மதிக்கப்படாத சிறு வியாபாரிக்கு இது பெரிய உதவி. கடையின் நாடி இன்னொருவர் கையில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே நடக்கிறது.

கர்நாடகத்தில் நடந்ததை இப்போது புரிந்துகொள்ளலாம். பார்கோடுக்குச் சரக்கு தெரியும், ஆள் தெரியாது. யுபிஐக்கு ஆளும் தொகையும் தெரியும், சரக்கு தெரியாது. மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்றும், வரிவிலக்கு உள்ள கீரைக்கட்டும், வரி உள்ள பிஸ்கட்டும் அதில் ஒன்றுதான். ஜூலை 23 அன்று முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களைச் சந்தித்து, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், இனி வரம்பைத் தாண்டுபவர்கள் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார். வணிகர்கள் அறிவித்திருந்த கடையடைப்பு கைவிடப்பட்டது.

மூன்று கணக்கையும் ஒன்றாக வைத்திருக்கும் புதிய கடைக்காரர் யார்? பிளிங்கிட், இன்ஸ்டாமார்ட், செப்டோ போன்ற விரைவு விநியோகச் செயலிகள். 2022இல் சொமேட்டோ சுமார் 4,447 கோடி ரூபாய் மதிப்பில் பிளிங்கிட்டை வாங்கியபோது வாங்கியது வெறும் கிடங்குகளை அல்ல. எந்த வாசலில், எந்த நேரத்தில், எந்தப் பிராண்டு தயிர் போகிறது என்ற அறிவும் சேர்ந்து கைமாறியது. அந்தச் செயலியில் தங்கள் பொருள் மேலே தெரிவதற்கு நிறுவனங்கள் விளம்பரப் பணம் தருகின்றன. வேகம் இந்தச் செயலிகளின் கவர்ச்சி, அவற்றின் மூலதனம் இந்த அறிவு. அண்ணாச்சியிடம் இதெல்லாம் இருந்தது. எழுதி வைக்காததால் அவரால் அதைக் காட்டிக் கடன் வாங்கவும் முடியவில்லை, வரித்துறைக்குப் பதில் சொல்லவும் முடியவில்லை.

ஆகவே க்யூஆர் ஸ்டிக்கரைக் கிழிப்பது தீர்வாகாது. சரக்கு விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல். நாளுக்குச் சுமார் 11,000 ரூபாய், சுமாரான மளிகைக் கடையே தொட்டுவிடும் தொகை. வரிவிலக்குப் பொருள் மட்டுமே விற்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு 1.5 கோடி வரை காம்பொசிஷன் திட்டத்தில் ஒரு சதவீத வரியோடு முடிக்க வழி இருக்கிறது. கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு, கொள்முதல் பில்களின் கோப்பு, கைபேசியிலேயே பார்கோடை ஸ்கேன் செய்து பில் போடும் செயலி – இந்த மூன்றும் இருந்தால் கணக்கு மறுபடி கடைக்காரர் கைக்கு வந்துவிடும்.

இதைத் தனித்தனிக் கடைக்காரர் தலையில் கட்டிவிட முடியாது. ஆண்டுதோறும் மே 5 அன்று தமிழகத்தின் வணிகர் சங்கங்கள் வணிகர் தினம் கொண்டாடி, மாநாடு நடத்தித் தீர்மானங்கள் போடுகின்றன. அடுத்த மாநாட்டுக்கு முன், சங்கம் உள்ள ஒவ்வோர் ஊரிலும் இதற்கு ஒரு பயிற்சி வகுப்பு நடக்க வேண்டும். யுபிஐ தொகையை மட்டும் வைத்து யாருக்கும் நோட்டீஸ் போகக் கூடாது என்று அரசிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் இந்த ஆண்டே எடுத்துச் செய்யுங்கள்.

(தொடரும்)