பழைய பாத்திரம், புதிய அமுது

குறிகட்டுவானில் படகேறினால் சிறிது நேரத்தில் நயினாதீவை அடைந்துவிடலாம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இத்தீவே என்பது பலருடைய கருத்து. அங்குள்ள கோமுகிப் பொய்கையில், வைகாசிப் பூரணையில்தான் மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைக்கிறது. அது அவளுக்கெனச் செய்த புதுப் பாத்திரமன்று. முன்பு மதுரையில் ஆபுத்திரன் அதைக்கொண்டே பசித்தோருக்குச் சோறிட்டான். பின்னர் அப்பொய்கையில் விட்டான். மணிமேகலை கைக்கு வந்த பிறகும் ஆதிரை முதற்பிச்சை இட்ட பின்பே அது அள்ள அள்ளக் குறையாமல் சுரந்தது.

பழைய இலக்கியத்திலிருந்து கதை எடுத்து எழுதும் இக்கால எழுத்தாளர்களும் இப்படித்தான் என எண்ணுகிறேன். பாத்திரம் பழையது, அதில் முதற்பிடியை அவர்களே இடவேண்டும்.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்' இதற்குச் சிறந்த சான்று. இராமனால் சாபம் நீங்கிய அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் செய்தவனும் அவனே என்று அறிந்ததும் மீண்டும் கல்லாகிறாள். பாத்திரங்கள் இராமாயணத்துக்குரியவர்கள்; கேள்வி புதுமைப்பித்தனுடையது. நா. பார்த்தசாரதியோ 'மணிபல்லவம்' என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். காப்பியத்தின் பூம்புகாரை எடுத்துக்கொண்டு, இளங்குமரன் என்னும் கற்பனை இளைஞனை அதில் நடமாட விட்டார்.

நானும் மணிமேகலையை வைத்து ஒரு சிறுகதை எழுதத் தொடங்கினேன். "பௌத்த காப்பியத்தில எங்களுக்கென்ன வேலை மகள்?" என்று உம்மா கேட்டார். நான் சீறாப்புராணத்தை எடுத்துக் காட்டினேன். உமறுப்புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடவந்தபோது, தமக்கு முன்னிருந்த தமிழ்க் காப்பிய மரபையே கைக்கொண்டார். நாட்டுப்படலம், நகரப்படலம் என்று அமைத்து, அரபு நாட்டிலும் தமிழ்நாட்டு ஆற்றையும் வயலையும் காட்டினார். அமைப்பை இரவல் வாங்கியதால் அவருடைய ஈமான் குறையவில்லை. தமிழ்தான் வளம் பெற்றது. உம்மா சிரித்துவிட்டு, "அப்ப எழுது" என்றார்.

என் கதை தீவதிலகையைப் பற்றியது. மணிபல்லவத்தில் புத்தபீடிகையைக் காத்து நின்றவள் அவள். மணிமேகலை பாத்திரத்தோடு போய்விட்டாள். காப்பியமும் அவளோடே புகாருக்குப் போய்விடுகிறது. தீவில் நின்றவள் அன்று மாலை என்ன நினைத்திருப்பாள்? எத்தனையோ பேர் புறப்பட்டுப்போன தீவுகளுக்கு அருகில் வாழும் எனக்கு இக்கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைத்தால் அது களவு. வெளிப்படையாகச் சொல்லி, நம் கேள்வியையும் அதில் இட்டால் அது இலக்கியம். தோழியரே, பாடப்புத்தகத்தில் புள்ளிகளுக்காகப் படிக்கும் செய்யுளை இன்னொருமுறை திறந்து பாருங்கள். அதில் யாராவது ஒருத்தி பேசாமலே நிற்கக்கூடும்.