பேச்சிப்பாறை நீர்த்தேக்கம்

கோதையாற்றை மறித்து நிற்கும் இந்த அணை திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் ராமவர்மா காலத்தது. 1897இல் தொடங்கிய வேலை 1906இல் முடிந்தது. கட்டிய பொறியாளர் மின்சினின் கல்லறையும் அணைக்கு அருகிலேயே இருக்கிறது. படம் எடுக்கும் அவசரத்தில் பலர் அதைக் கவனிப்பதில்லை.

அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் இந்த மலைக்குக் கிடைக்கின்றன. இங்கே தேங்கும் நீர்தான் கால்வாய்களில் இறங்கி, கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போக நெல்லுக்கும் பாய்கிறது.

வரும் வழியில் ரப்பர் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். காலையில் வந்தால் பட்டையில் சரிவாகக் கீறிய கோட்டின் வழியே பால் வடிந்து, கீழே கட்டிய சிரட்டையில் சொட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

அக்கரைக் காட்டுக்குள் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. நீரில் தெரியும் படகு உல்லாசச் சவாரி அல்ல. அரிசி மூட்டையோடு அவர்கள் வீடு திரும்பும் வழி அது. படகில் போய் வர ஆசைப்படுபவர்களுக்குத் திற்பரப்பு அருவிக்கு மேலே உள்ள தடுப்பணையில் அதற்கு வசதி இருக்கிறது.

திற்பரப்பில் குளிக்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிருந்து உபரிநீர் திறந்தால் அது கோதையாற்றில் இறங்கி அந்த அருவிக்கே போகிறது. அங்கே வெயில் அடித்தாலும் மலையில் பெய்த மழை வெள்ளமாக வரும். குளிக்கத் தடை என்று சொன்னால் காவலரிடம் வாதாட வேண்டாம்.