ஒட்டுப் போர்வைக்குத் துணி தேடி

எங்கள் வீட்டு மரப்பெட்டியில் ஒரு போர்வை இருக்கிறது. பிறர் முன் விரித்துக் காட்டத் தக்கதன்று. வெள்ளையும் நீலமுமான சதுரங்களுக்கு இடையிடையே சிவப்புத் துண்டுகளை வைத்து, நான்கு மாத காலம் கையாலேயே தைத்து முடித்தேன். பேரக் குழந்தைக்கென்று தைத்தது. முதன்முறையாக நீரில் நனைத்த அன்றே சிவப்புக் கரைந்து, வெள்ளைச் சதுரங்கள் அனைத்தும் திட்டுத்திட்டாய் இளஞ்சிவப்பு நிறம் அடைந்தன. கொடுக்கவும் மனம் வரவில்லை. எறியவும் மனம் வரவில்லை. அந்தச் சிவப்புத் துணியைக் கைத்தறித் துணி என்றும், சாயம் போகவே போகாது என்றும் கூறித்தான் ஒரு கடையில் விற்றார்கள். கடையின் பெயர் இங்கு வேண்டுவதில்லை.

போர்வை கெட்ட பிறகே, துணி நெய்யப்படும் ஊர்களுக்கு நேரில் சென்று, தொட்டுப் பார்த்து வாங்கும் வழக்கம் எனக்கு உண்டாயிற்று. அவ்வாறு கொங்கு நாட்டில் அலைந்து கண்டவற்றைச் சங்க அங்கத்தினர்களுக்குக் கூற விழைகிறேன். நெய்வோருக்கும் பருத்தி விளைவிப்போருக்கும் இவற்றுள் பல முன்னரே தெரிந்தவையாக இருக்கும். ஆயினும், துணியை வெட்டித் தைப்பவளின் கண்ணுக்கு அவை எவ்வாறு தென்படுகின்றன என்பதை அறிதலும் ஒரு பயனே அல்லவா?

ஒட்டுப் போர்வையென்பது மூன்று அடுக்கு கொண்டது. மேலே துண்டுத் துணிகளை இணைத்த விரிப்பு. கீழே ஒரு முழுத் துணி. நடுவே பஞ்சு அல்லது பழந்துணி. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் ஓட்டுத் தையல் அவற்றை ஒன்றாகப் பிணைக்கிறது. ஆங்கிலேயர் இதனைக் 'கில்ட்' என்பர். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய வித்தையன்று இது. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, அச்சேலைகளின் கரையிலிருந்தே நூலை உருவியெடுத்துத் தைத்தது காந்தா. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களாய் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள், போர்வையின் விளிம்பில் தொடங்கி உள்நோக்கித் தைத்துக்கொண்டே செல்வர். நம் வீடுகளிலும் நைந்த நூற்சேலையை நாலாய் மடித்துத் தைத்துத் தொட்டிற் குழந்தைக்குக் கீழே விரித்த பாட்டிமார் உண்டு. அதற்குப் பெயரிட்டுப் பெருமைப்பட்டவர்தாம் இல்லை.

என் முதற் பயணம் பொள்ளாச்சியை அடுத்த நெகமத்துக்கு. அவ்வூர்ப் பருத்திச் சேலைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. புதுச் சேலையை வெட்ட எனக்குக் கை எழவில்லை. சுற்றத்தாரிடமிருந்து பழைய நெகமச் சேலைகளைக் கேட்டு வாங்கினேன். பல ஆண்டு உடுத்தித் துவைத்த நூற்சேலை சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி, போக வேண்டிய சாயமெல்லாம் போய், பூப்போல் ஆகியிருக்கும். ஒட்டுப் போர்வைக்கு அதனினும் நல்ல துணி வேறில்லை. பட்டும் பருத்தியும் சேர்த்து நெய்யும் கோவைக் கோராத் துணியையும் ஒருமுறை முயன்றேன். கண்ணைப் பறிக்கும் அழகுதான். ஆனால், வெறும் பருத்தியோடு சேர்த்துத் தைத்தால், துவைத்த பின் ஒன்று சுருங்கும், மற்றொன்று அவ்வளவு சுருங்காது. போர்வை முகம் சுளிக்கும். கோராவைக் கோராவோடுதான் சேர்க்க வேண்டும்.

திருப்பூர்க் காதர்பேட்டையில் பனியன் துணி மலைமலையாய்க் கிடைக்கும். மலிவைக் கண்டு ஆசைப்பட்டு ஒரு மூட்டை வாங்கி வந்தேன். பின்னல் துணி இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும். சதுரமாக வெட்டினால் சதுரமாக நில்லாது. மேற்புறத்துக்கு ஆகவில்லை, நடு அடுக்குக்கு ஆயிற்று. அங்கே ஆடை வெட்டியதில் எஞ்சும் கழிவில் ஒரு பகுதி மீண்டும் பஞ்சாகப் பிரிக்கப்பட்டு, ஓப்பன் எண்ட் ஆலைகளில் முரட்டு நூலாகி, விரிப்புகளாய் வருகிறது.

திருப்பூரிலிருந்து சென்னிமலைக்குச் செல்லும் வழியில், சற்று விலகிச் சென்றால் ஒரத்துப்பாளையம் அணையைக் காணலாம். துணி தேடிச் செல்பவளுக்கு அணையில் என்ன வேலை என்று உடன் வந்த தோழி கேட்டாள். நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த அணை அது. பாசனத்துக்கென்று கட்டியதில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் வந்து தேங்கிற்று. கிணறுகளும் வயல்களும் கெட்டு, உழவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீர் ஒரு துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற விதிக்கு உட்பட்டே பட்டறைகள் பிறகு இயங்க முடிந்தது.

என் பெட்டியிலிருக்கும் போர்வைக்கும் அந்த அணைக்கும் தொடர்பு உண்டு. பருத்திக்கு இக்காலத்தில் பெரிதும் பயன்படும் 'ரியாக்டிவ்' சாயம் நூலோடு இரசாயன முறையில் பிணைவது. பிணைந்துவிட்டால் எளிதில் போகாது. ஆனால், தொட்டியில் இட்ட சாயம் முழுவதும் நூலைப் பற்றுவதில்லை. ஒரு பகுதி நீரோடேயே சேர்ந்துவிடும். அப்பகுதி நூலின் மேல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். கொதிக்கும் சோப்பு நீரில் மீண்டும் மீண்டும் அலசினால்தான் அது நீங்கும். எரிபொருள், நீர், கூலி ஆகியவற்றை மிச்சம் பிடிக்க எண்ணி அலசுவதைக் குறைத்தால், எஞ்சிய சாயம் வாங்குபவர் வீட்டு வாளியில் வெளிப்படும். ஒழுங்காக அலசினாலோ, அதே சாயம் பட்டறையின் கழிவுநீரில் போய்ச் சேரும். சாயம் போகாத துணி வேண்டுமென்று கேட்கிற நான், அலசிய நீர் எந்த உழவனின் நிலத்துக்குப் போயிற்று என்பதையும் கேட்டாக வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்துச் சாயம் தோய்க்கும் செலவு துணியின் விலையில் ஏறத்தான் செய்யும். அவ்விலையைக் கொடுப்பதில் முணுமுணுக்கக் கூடாதென்று அணைக்கரையில் நின்றபோது தீர்மானித்தேன். அதன்பின் முணுமுணுத்ததே இல்லை என்று கூறமாட்டேன்.

கல்லுப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிலைக்கும் என்று நம் பெண்கள் நம்புகிறார்கள். நானும் பல ஆண்டு அவ்வாறு செய்தவளே. சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. தோய்த்து முடித்த துணியில் அது ஒன்றும் செய்யாது. வெந்நீரில் சோப்பிட்டு, நீர் தெளிவாக வரும்வரை அலசுவதே வழி. வாங்கும் முன் சோதிப்பதும் எளிது. நனைத்த வெள்ளைத் துணித் துண்டை வண்ணத் துணியின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், கள்ளச் சாயம் வெள்ளையில் பதியும். சில கடைகளில் இதற்கு முகம் சுளிப்பார்கள். முகம் சுளிக்கும் கடையில் அரை மீட்டர் மட்டும் வாங்கி, வீட்டில் சோதித்த பிறகே மறுமுறை செல்வேன்.

சென்னிமலையில் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் இருந்தேன். கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்பதால் மலைக்கோயிலை அறியாதார் இலர். அடிவாரத்தின் புகழ் படுக்கை விரிப்புகளால் வந்தது. அவ்வூரின் 'சென்டெக்ஸ்' கூட்டுறவுச் சங்கத்தை வளர்த்த எம்.பி. நாச்சிமுத்து அவர்களுக்கு 1983இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தனித்தனியாய்த் தரகரை நம்பியிருந்த நெசவாளர்களுக்குச் சங்கம் என்ன செய்ய இயலும் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் கண்டது வேறொன்று. தறி ஓடும் வீட்டுத் திண்ணையில் பாவு முடிந்து எஞ்சிய நூலும், அளவு பிசகியதால் ஒதுக்கிய இரண்டு சாண், மூன்று சாண் துண்டுகளும் ஒரு கூடையில் கிடந்தன. விலை கேட்டேன். தறியிலிருந்த முதியவர் சிரித்துவிட்டார். "இதுக்கெல்லாம் வெலையாங்க அம்மணி? அடுப்புத் துணிக்குத்தானுங்க ஆகும்" என்றார். நான் வற்புறுத்திப் பணம் கொடுத்து, கூடை முழுவதையும் வாங்கி வந்தேன். கோடு போட்டவை, கட்டம் போட்டவை, பச்சையும் காவியும் கருநீலமும். அவர் வீட்டுச் சாயம் சோதனையில் சிறிதும் பதியவில்லை.

கைத்தறித் துண்டைத் தைப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. பாவுக்கு இட்ட கஞ்சி போகும்வரை ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். ஊறியதும் துணி தளர்ந்து சுருங்கும். பாவின் திசையிலும் ஊடையின் திசையிலும் சுருக்கம் ஒரே அளவாய் இராது. ஆதலின் எல்லாத் துண்டுகளையும் பாவு ஒரே திசையில் இருக்குமாறு வைத்துத் தைத்தல் நலம். ஆலைத் துணிக்குக் கால் அங்குலத் தையல் விளிம்பு போதும். நெருக்கம் குறைந்த கைத்தறித் துணிக்கு அரை அங்குலம் விட வேண்டும். இல்லையேல் இழை பிரிந்து தையல் வாய் பிளக்கும்.

பவானிக்குச் சென்றது ஜமக்காளத்தைத் துண்டு போடுவதற்கன்று. அதைத் துண்டு போட எந்த ஊசியாலும் ஆகாது. தடித்த நூலில் அகலமான வண்ணப் பட்டைகளை அருகருகே நிறுத்தும் அந்த நிறச் சேர்க்கையைக் கற்கவே சென்றேன். குழித்தறியில் அகலமான ஜமக்காளத்தை நெய்கையில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ளுகிறார்கள். ஒருவர் கை தாமதித்தால் மற்றவர் வேலையும் நிற்கும். பேசிக்கொள்வதில்லை, தாளம் மட்டும் கேட்கிறது. நெடுநேரம் நின்று பார்த்தேன். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு விரற்கடை கறுப்பு ஓடினால் இரண்டு நிறமும் எவ்வாறு எழுந்து நிற்கின்றன என்பதை அன்று கற்றேன். எந்தப் புத்தகத்திலும் எனக்கு அது விளங்கியதில்லை.

பவானி ஜமக்காளத்துக்கு 2005–06இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட இரகங்களுள் ஒன்று. இவ்வளவும் இருந்தும், விசைத்தறியில் நெய்த விரிப்புகள் அதே பெயரில் பாதி விலைக்கு விற்கப்படுகின்றன. வாங்குவோரில் பெரும்பாலோர் ஏமாறுவதில்லை. தெரிந்தே மலிவை வாங்குகிறார்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். கெட்டியாய் நெய்த கைத்தறி ஜமக்காளம் ஒரு தலைமுறை உழைக்கும் என்பதை அவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 2006 முதல் வழங்கும் கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்கினால் ஐயம் வேண்டுவதில்லை. ஆனால், அம்முத்திரை ஒட்டிய துணியை நான் கேட்டு வாங்கிய கடைகள் சிலவே. கேட்டபோது அதென்ன என்று என்னையே வினவிய கடைகள் பல.

நடு அடுக்குக்கு வருவோம். இலவம் பஞ்சு தலையணைக்கு நன்று, போர்வைக்கு ஆகாது. வழுவழுப்பான இழையாதலால் தையலுக்குள் நில்லாமல் மூலைக்கு ஓடிவிடும். பருத்தியிலும், நூற்பாலைக்காரர் விரும்பும் நீண்ட இழை இங்கு வேண்டுவதில்லை. கம்போடியாப் பருத்தி வரும் முன் கோவை வட்டாரத்தில் விளைந்த உப்பம், கருங்கண்ணி போன்ற நாட்டு இரகங்களின் இழை குட்டை, முரடு. அம்முரட்டுத்தனம்தான் அழுத்தினாலும் மீண்டும் எழும் தன்மையைத் தருகிறது. கருங்கண்ணிப் பஞ்சை விளைவிப்போர் எவரேனும் சங்கத்தின் மூலம் சிறு அளவில் விற்க முன்வந்தால், வாங்குவதற்குத் தையற்பெண்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

'இருக்கிறோம்' என்று பன்மையிற் கூறியதற்குக் காரணம் உண்டு. கோவையில் எங்களில் சிலர் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுகிறோம். யார் எங்கே சென்று என்ன கொண்டுவந்தாலும், துண்டுகளில் பாதியை நடுவே கொட்டிவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. சாயம் போகும் துணியைக் கண்டவர் ஒரு துண்டை அட்டையில் ஒட்டி, வாங்கிய நாளையும் விலையையும் எழுதி வைக்கிறார். அவ்வட்டைகள் இப்பொழுது ஒரு தடித்த கட்டு ஆகிவிட்டன. தையலைவிட அந்தக் கட்டைப் புரட்டுவதில்தான் சிலருக்கு விருப்பம் அதிகம்.

இத்தகைய கூட்டத்தால் ஆவதென்ன என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து வில்காக்ஸ் வட்டாரத்தில், பருத்தி நிலங்களில் வாரத்துக்குப் பயிரிட்டு வந்த கறுப்பினக் குடும்பங்களின் பெண்கள், 1966இல் 'ஃபிரீடம் கில்டிங் பீ' என்ற கூட்டுறவு அமைப்பை ஏற்படுத்தினார்கள். கிழிந்த வேலை உடைகளை வெட்டித் தைத்த அவர்களுடைய போர்வைகள் நியூயார்க்கில் ஏலத்தில் விற்பனையாயின. 1972இல் ஒரு பெரிய வணிக நிறுவனத்துக்குத் தலையணை உறைகள் தைக்கும் வேலை கிடைத்தது. அதில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு தங்கள் வீட்டுக்குப் போர்வை தைத்துக்கொண்டார்கள். அவ்வட்டாரத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் போர்வைகள் 2002 முதல் பெரிய கலைக்கூடங்களில் சுவரில் தொங்கின. பருத்தி பறித்த கைகளே பருத்தியைத் தைத்தன என்பதை நம் விவசாய அங்கத்தினர்கள் கவனிப்பார்கள்.

சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன். நெய்யும் வீடுகளில் ஒதுங்கும் துண்டுகளை எடைபோட்டு வாங்கி, ஊரும் நூல் நம்பரும் சாயத்தின் வகையும் எழுதிய ஒரு சீட்டோடு கட்டி, சங்க விற்பனை நிலையத்தில் வைத்தால் என்ன? முதியவர் அடுப்புத் துணி என்று சொன்ன கூடைக்கு ஒரு விலை வந்து சேரும். சீட்டில் எழுதியது பொய்யானால், எங்கள் அட்டைக் கட்டில் அது ஏறிவிடும் என்பதையும் இப்பொழுதே கூறிவிடுகிறேன்.

பெட்டியிலிருந்த போர்வையைச் சென்ற மாதம் வெளியே எடுத்தேன். வெந்நீரில் ஏழு முறை அலசியதில் வெள்ளையின் கறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. சிவப்புத் துண்டுகளைத் தையல் பிரித்து எடுத்துவிட்டு, அவ்விடங்களில் சென்னிமலைக் கூடைத் துண்டுகளை வைத்துத் தைத்து வருகிறேன். இன்னும் இருபத்திரண்டு சதுரங்கள் பாக்கி. பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான். போர்வையைச் சற்றுப் பெரிதாக்கவும் வேண்டும்.