மண் காத்த காசுகள்

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம், மலைபடுகடாம் என்னும் சங்க நூலின் தலைவனாகிய நன்னனுக்கு உரிய ஊராகும். அதன் அருகே ஆண்டிப்பட்டியில் பழைய ஈயக் காசுகள் வெளிப்பட்டன. கண்டவர் அவற்றை உருக்கியிருந்தால், மீன்வலைக்குக் கட்டும் குண்டுகளே மிஞ்சியிருக்கும். அறிஞர் ஆராய்ந்தபோதோ, அவற்றில் சேந்தன் என்னும் பெயர் தமிழி எழுத்தில் பொறித்திருக்கக் கண்டனர்.

மண்ணுள் மறைந்த உலோகத்தைக் காட்டும் கருவி இன்று உண்டு. மேலைநாட்டார் பலர் அதனைக் கொண்டு தேடுதலைப் பொழுதுபோக்காகக் கொள்வர். அதன் கம்பிச் சுருளில் மாறிமாறிப் பாயும் மின்சாரத்தால் காந்தப்புலம் தோன்றும். அது தாக்கிய உலோகத்துள் சிறு மின்னோட்டங்கள் எழும். அவற்றை உணர்ந்து கருவி ஒலிக்கும். துருப்பிடித்த ஆணிக்கும் ஒலிக்கும். அரசன் காசுக்கும் ஒலிக்கும். உலோகம் உண்டு என்பதை அறிவிக்குமேயன்றி, அதன் வரலாற்றை அஃது உரைக்காது.

வரலாற்றை உரைப்பன, பொருள் கிடந்த இடமும், ஆழமும், உடன் கிடந்த பானை ஓடுகளுமே. ஆராயாது தோண்டுவோரும், தேய்த்து மெருகிடுவோரும் அச்சான்றுகளை அழித்துவிடுவர். ஆதலின், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும் என 1878 ஆம் ஆண்டின் புதையற் சட்டம் விதிக்கின்றது. கண்டெடுப்பவர் ஒருவரே ஆயினும், பழம்பொருள் நாட்டார் அனைவர்க்கும் உரிய வரலாற்று ஏடாகும்.