எத்தனை நாள் உழைத்தால் நிரந்தரம்?

விடிவதற்குள் கூட்டம் கூடிவிடும். சரக்கு இறக்க எத்தனை பேர் தேவையோ அத்தனை உலோக வில்லைகளோடு கங்காணி வருவார். கூட்டத்தின் நடுவே அவற்றை வீசி எறிவார். முட்டி மோதி, மண்ணில் புரண்டு வில்லையைக் கைப்பற்றியவருக்கு அன்றைய கூலி. கிடைக்காதவர் வீட்டில் அடுப்பு எரியாது. மட்டாஞ்சேரியில் இதற்குப் பெயர் சாப்பா. பத்து வருடம் மூட்டை சுமந்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் அந்த வில்லை ஒன்றுதான்.

இந்த முறையை எதிர்த்துப் போராடிய கொச்சித் துறைமுகத் தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். சைது, சைதலவி இருவரும் பலியானார்கள். போலீசாரின் சித்திரவதைக்கு ஆளான ஆண்டணி பின்னர் இறந்தார். ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளியான 'துறமுகம்' படத்தின் பின்னணி இதுதான்.

வேதனை என்னவென்றால், சட்டம் அதற்கு முன்பே இருந்தது. துறைமுகத் தொழிலாளர்களுக்கு ஒழுங்காக வேலை கிடைக்க வழிசெய்யும் மத்தியச் சட்டம் 1948இல் வந்துவிட்டது. கொச்சிக்கான திட்டம் வந்ததோ 1959இல். அதன் பிறகுதான் வில்லைக்குப் பதில் பதிவேடு.

இன்று தினக்கூலிகளின் வழக்குகளும் இந்தப் பதிவேட்டைச் சுற்றித்தான் நடக்கின்றன. '240 நாள் வேலை செய்தால் நிரந்தரம்' என்று டீக்கடைகளில் அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைகூட இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், ஓராண்டில் 240 நாள் உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத நோட்டீசும், ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடும் கேட்டது. அவ்வளவுதான். நிரந்தரம் என்ற பேச்சே அதில் இல்லை. (தமிழ்நாடு ஒரு படி மேலே போய், தொழில் நிறுவனங்களில் 24 மாதங்களில் 480 நாள் உழைத்தவரை நிரந்தரமாக்க 1981இல் சட்டம் இயற்றியது.) பழைய மத்தியச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று வந்தது.

அரசு அலுவலகங்களில் கதவு இன்னும் குறுகல். உமாதேவி வழக்கில் 2006 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு இது: நீண்ட காலம் பணியாற்றியதாலேயே நிரந்தர உரிமை வந்துவிடாது. அனுமதிக்கப்பட்ட காலியிடத்தில், உரிய தகுதியோடு, நீதிமன்ற உத்தரவின் துணையின்றி பத்தாண்டு பணிபுரிந்தவர்களை மட்டும் ஒரே ஒரு முறை பரிசீலிக்கலாம். நியாயம் இல்லாமலில்லை. பின்வாசல் நியமனத்தால் பாதிக்கப்படுபவரும் வேலையில்லாதவர்தான். 2021இல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் தேர்வாணையத் தரப்பட்டியலில் இருந்த இளைஞர்கள் போராடினார்கள். அந்த மார்ச்சில், தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்கும் கேரள அரசின் முடிவுகளுக்கு எர்ணாகுளத்திலுள்ள உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

ஆனால் அதிகாரிகள் உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகவே தூக்கிப் பிடித்தார்கள். தீர்ப்பு தந்த அந்த ஒரு முறை வாய்ப்பை மறந்தார்கள். இதைத்தான் 2024 டிசம்பர் 20 அன்று ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சாடியது. மத்திய நீர் ஆணையத்தில் பெருக்குவதும் தோட்டம் பார்ப்பதுமாக இருபதாண்டு போல உழைத்தவர்களை 2018 அக்டோபர் 27 அன்று வெளியே அனுப்பியிருந்தார்கள். பெருக்க வேண்டிய அறைகள் அப்படியே இருந்தன. அதே வேலைக்கு வெளியாட்கள் அமர்த்தப்பட்டார்கள். வேலை நிலையானது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அவர்களை உடனே நிரந்தரமாக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்பு எல்லாத் தினக்கூலிகளுக்கும் தானாகப் பொருந்தாது. இடைவெளியில்லாப் பணி, வேலையின் நிரந்தரத் தன்மை, நேரடி மேற்பார்வை ஆகியவற்றைத் தொழிலாளியே காட்டியாக வேண்டும். வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் இருப்பதோ அலுவலக அலமாரியில். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் என்றால், அந்தப் பதிவேட்டில் அவர் பெயரே இருக்காது.