பளபளப்பு கதவில், ஆயுள் பெட்டியில்!

மாடுலர் கிச்சன் ஷோரூமுக்குள் நுழைந்ததும் எல்லோருடைய கையும் முதலில் போவது கதவுக்குத்தான். கண்ணாடி போன்ற பளபளப்பு, சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும் டிராயர் என்று மனசு மயங்கிவிடும். ஆனால், அந்த ஷோரூம் சமையல் மேடையில் யாரும் அரிசி களைந்ததில்லை, மாவு அரைத்ததில்லை, இரவு வேலை முடிந்து தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் இல்லை. நம் வீட்டு அலமாரிகளை அரித்துத் தின்பது பெரும்பாலும் தண்ணீர்தான். எதில் தாராளமாகச் செலவழிப்பது, எதில் கையைப் பிடிப்பது என்பதைத் தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மேடைக்கு உயரம் எவ்வளவு?

34 அங்குலம் என்று கேட்காமலேயே கட்டிவிடுவார்கள். சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும். அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் முதுகு வலிக்காது. மேடைமேல் வைக்கும் அடுப்பு என்றால் அதன் உயரமும் கூடும். அதன் மேல் இட்லிப் பானை ஏறினால், குள்ளமானவர் எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

மேடைக்கு கிரானைட் இன்றும் நல்ல தேர்வு. குவார்ட்ஸ் பார்க்க அழகு. ஆனால், கல் தூளைப் பிசினில் இறுக்கிச் செய்வது என்பதால், அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே வைத்தால் நிறம் மாறிவிடக்கூடும். எந்தக் கல்லானாலும் சிங்க் பக்கம் லேசான வாட்டம் இருக்கட்டும். முன் விளிம்பு கதவைத் தாண்டி ஓர் அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். விளிம்புக்கு அடியில் சின்னதாக ஒரு காடி எடுத்துவிட்டால், வழிகிற தண்ணீர் கதவில் இறங்காமல் தரையில் சொட்டிவிடும்.

கடப்பா கல்லை நிறுத்தி அதன்மேல் மேடை போடும் பழைய முறையைக் குறைவாக நினைக்காதீர்கள். அதில் பாரம் முழுவதையும் கல்லே தாங்குகிறது. அலமாரிப் பெட்டிகளின் மேலேயே கிரானைட்டை உட்காரவைத்தால், நாளைக்கு ஒரு பெட்டி ஊறிப்போகும்போது கல்லையும் அசைக்க வேண்டிவரும்.

பெட்டிக்குள் என்ன பலகை?

எம்.ஆர். பிளைவுட் காற்றின் ஈரத்தைத்தான் தாங்கும். கீழ் அலமாரிக்கு ஆகாது. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பி.டபிள்யூ.பி. பிளைவுட், 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பசை விடக்கூடாது என்ற சோதனைக்கு உட்பட்டது. கீழே அதைப் போடுங்கள். மேல் அலமாரிக்கு அதற்கு அடுத்த தரமான பி.டபிள்யூ.ஆர். பிளைவுட் போதும். சிங்க் அடியில் மட்டும் பி.வி.சி. அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் இன்னும் நிம்மதி.

நல்ல பலகையும் வெட்டிய இடத்தில்தான் தண்ணீர் குடிக்கும். குழாய்க்காக அறுத்த ஓட்டை, அலமாரியின் அடி விளிம்பு எல்லாவற்றையும் எட்ஜ் பேண்டிங்கோ சிலிக்கானோ போட்டு அடைத்தாக வேண்டும். பெட்டிகளை 4 அங்குலக் கால்களில் நிறுத்தினால் தரை கழுவும் தண்ணீர் தொடாது. கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

சுவரை நம்பாதீர்கள்

டைல்ஸ் ஒட்டி முடிந்த பிறகே அளவெடுக்க வேண்டும். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்து, இரண்டு புள்ளிகளுக்கும் இடையே டேப் பிடியுங்கள். சரியாக 5 அடி வந்தால் மூலைமட்டம் சரி. வராவிட்டால், பலகையை அறுக்கும் முன்பே தச்சரிடம் சொல்லிவிடுங்கள். அடுக்குமாடி வீடுகளில் எடை குறைந்த பிளாக் சுவர் என்றால், மேல் அலமாரிக்குச் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது. அதற்கென உள்ள ஆங்கர் கேளுங்கள்.

சிலிண்டரை அலமாரிக்குள் வைப்பதானால், கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளை கட்டாயம். சமையல் எரிவாயு காற்றைவிட எடை கூடியது. கசிந்தால் தரையோடு தேங்கும்.

விலைப்பட்டியல் வாங்கும்போது, சதுர அடிக் கணக்கில் கீல், டிராயர் சேனல், கூடைகள் சேருமா என்று எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் சிங்க்கை விளிம்புவரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். கீழ்ப் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவுங்கள். விரலில் ஈரம் ஒட்டினால், பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.