ஆறு ஆசிரியரும் ஒரு பெட்டியும்

அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்குத் துணையாக ஆசிரியர் அறுவரை நிறுத்துகின்றார் இளங்கோவடிகள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அவ்வரிசை நீளும். அவ்வறுவர் பணியையும் ஒரு பெட்டியைக் கொண்டு ஒருத்தியே தொடங்கிய கதையை ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

மாதங்கி அருட்பிரகாசம் என்பது அவர் பெயர். உலகறிந்த பெயர் எம்.ஐ.ஏ. 1975இல் இலண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986இல் தாயோடு அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தவர். ஓவியமும் திரைப்படக் கலையும் பயின்றாரேயன்றி, இசை பயின்றவரல்லர். 'எலாஸ்டிக்கா' என்னும் ராக் குழுவின் பயணத்தைப் படம் பிடிக்கச் சென்றவிடத்து, மடியிலே வைத்து இயக்கத்தக்க ரோலண்ட் எம்.சி.505 என்னும் தாளப்பெட்டி அவருக்கு அறிமுகமாயிற்று. அதனோடு நான்கு தடங்கொண்ட பழைய ஒலிநாடாக் கருவி ஒன்றையும் ஓர் ஒலிவாங்கியையும் சேர்த்து ஆறு பாடல்களைத் தாமே பதிந்தார். அவற்றுள் ஒன்றான 'கலாங்' 2003இல் ஐந்நூறு தட்டுகளாக வெளிவந்தது. 2005இல் முழு இசைத்தட்டு வந்தபோது வேறு இசையமைப்பாளரும் கைகொடுத்திருந்தனர். ஆயினும் பெட்டியின் எலும்பு தோலின்றியே தெரிந்தது.

அத்தட்டின் பெயர் 'அருளர்'. 1977 கலவரத்தில் வடக்கே கப்பலேற்றப்பட்ட அகதிகளை வைத்து 'லங்கா ராணி' என்னும் நாவலை எழுதிய அருளரே இவர் தந்தை. தந்தையின் அரசியல் இக்கட்டுரைக்குப் புறம்பானது. 2007இல் வந்த அடுத்த தட்டுக்குத் தாயின் பெயரான 'கலா' என்பதை வைத்தார். அதில் சென்னையிற் பதிந்த உறுமி முழங்கக் கேட்கலாம்.

மாணாக்கன் ஒருவன் 'அருளரை'க் கைப்பேசியிற் கேட்பித்தபோது, "இதுவும் பாட்டா?" என்றேன். சொற்கள் சிலவிடத்து வெறுங் கோஷமாய் நின்றுவிடுகின்றன என்பதே இன்றும் என் கருத்து. மறுமுறை கேட்கையில் மட்டும் செவி வேறொன்றைப் பற்றிக்கொண்டது: தாளம், இடைவெளி, அவ்விடைவெளியிற் பாதி பேச்சும் பாதி பாட்டுமாக நிமிர்ந்தெழுங் குரல். மாதோட்டப் பாங்குக் கூத்தில் மத்தளமும் சல்லாரியும் ஒலிக்க அண்ணாவியார் தருவை எடுப்பது அவ்வாறன்றோ! அம்மையார் நம் கூத்தைக் கேட்டுத்தான் செய்தார் என்று கூறத் துணியேன்.

நம் கூத்தின் நிலை யாது? 'எண்டிறீக்கு எம்பரதோர்' நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் பதிப்பித்தார். அதனாற் சொல் பிழைத்தது. மெட்டோ ஏட்டில் ஏறாது. முதியோர் தொண்டையில் இருக்கின்றது. இப்போது அதனைப் பதிவோர் ஓர்கனையும் எதிரொலியையும் கொட்டிக் குரலை அமிழ்த்திவிடுகின்றனர். எண்பது கடந்த அண்ணாவியார் ஒருவர் தம் பாட்டின் பதிவைக் கேட்டுவிட்டு, "இதிலை என்ரை குரல் எங்கை மாஸ்டர்?" என்று என்னை வினவினார். எனக்கு விடை வரவில்லை.

சென்ற மாதம் அம்மாணாக்கனை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மின்விசிறியை நிறுத்தினோம். மத்தளம் ஒன்று, சல்லாரி ஒன்று, கைப்பேசி ஒன்று, வேறெதுவுமில்லை. நான்காந் தருவின் நடுவே தெருவில் ஒரு கழுதை கத்திற்று. அழிக்கட்டுமா என்றான் பையன், வேண்டாமென்றேன். பதிவைக் கேட்பித்தோம். கண்ணை மூடியிருந்த கிழவர், கழுதை வந்த இடத்தில் மட்டும் சிரித்தார்.

"சுருதி தப்பாமல் நிக்குது" என்றார்.